ஒரு கேரம் அறையும் மூன்று கடிதங்களும்: இணங்க வைக்கும் எழுத்து பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கே ஒரு சங்கத்துக்குச் சொந்தமான பழைய கட்டடத்தின் தரைத்தள அறையில் பல வருடங்களாகக் கேரம் கிளப் நடக்கிறது. நான்கு போர்டு, ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தாழத் தொங்கும் விளக்கு, சுவரோரம் ஒரு பெஞ்ச். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பையன்களும் காலேஜ் பையன்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் வந்து ஆடுவார்கள். அந்த அறையைக் காலி செய்ய வேண்டும் என்று சங்கத்தின் நிர்வாகக் குழு ஒருநாள் சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்திலிருந்து வந்த புகார்கள்தான் காரணம்.

மூட வேண்டாம் என்று கிளப் பையன்கள் எழுதிக் கேட்டார்கள். மொத்தம் மூன்று கடிதங்கள். முதல் இரண்டுக்கும் பலன் இல்லை. மூன்றாவதுக்குப் பிறகு முடிவு மாறியது, முழுதாக இல்லாவிட்டாலும். அந்தப் பையன்களில் சிலருக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் மூன்று கடிதங்களும் என் கைக்கு வந்தன. மூன்றாவது எழுதப்பட்டபோது கூடவே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சம்மதத்துடன், யாரையும் அடையாளம் காட்டாமல், மூன்றையும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

பிரிப்பதற்கான கருவி பழையது. ஒருவரை இணங்க வைக்கும் பேச்சு மூன்று வழிகளில் வேலை செய்கிறது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் வகுத்துச் சொன்னார். பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை ஒன்று, அதை ஈத்தோஸ் என்றார். கேட்பவர் மனநிலையை அசைப்பது இன்னொன்று, பேத்தோஸ். சொல்லும் காரணத்தின் பலம் மூன்றாவது, லோகோஸ். உலகம் முழுக்கக் கட்டுரை வகுப்புகளில் இன்றைக்கும் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் மூன்றையும் சம அளவில் கலந்துவிட்டால் போதும் என்பதுபோல் அது பல வகுப்புகளில் சுருங்கிவிட்டது. இந்தக் கேரம் அறை விவகாரம் அப்படியில்லை என்று காட்டுகிறது. எதிரே இருப்பவருக்கு நம்மிடம் எதில் சந்தேகம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வழி திறக்கும் என்பது இருக்கிறது.

படிப்பவர்கள் யார்

குழுவில் மூன்று பேர். தலைவர், துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பவர். அடுத்தவர் இரும்புக் கடை வைத்திருப்பவர், சங்கத்தின் வரவு செலவு அவர் கையில். மூன்றாமவர் கிளப்புக்கு எதிர் வீட்டு அம்மா. அவர் வீட்டு ஜன்னல் கிளப் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. புகாரில் பெரும்பங்கு அவருடையது.

மூவரில் யாருக்கும் கேரம் மேல் வெறுப்பு கிடையாது. இந்தப் பக்கத்தில் கேரம் போர்டைத் தொடாமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்கள் பிரச்சினை வேறு. ராத்திரி பத்தரை வரை ஸ்ட்ரைக்கர் சத்தம். சந்து வழியை அடைத்து நிற்கும் பைக்குகள். வாசலில் சிகரெட். அப்புறம், யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று: சில போர்டுகளில் பெட்டு கட்டி ஆட்டம்.

முதல் கடிதம்

பி.காம். படிக்கும் பையன் எழுதியது. நடுப்பகுதி இது:

"கேரம் எங்களுக்கு விளையாட்டு அல்ல, மூச்சு. அடுப்பெரியாத வீட்டில் பிறந்தாலும் அணையாத கனவோடு வாழும் வடசென்னையின் பிள்ளைகள் நாங்கள். இந்தக் கதவை மூடினால் எங்கள் எதிர்காலத்தின் கதவும் மூடும். எங்கள் கண்ணீருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முடிவை மாற்றாவிட்டால் அறவழியில் போராடவும் தயங்க மாட்டோம்."

எழுதத் தெரிந்த பையன். 'அடுப்பெரியாத', 'அணையாத' என்று காதில் விழும்படி வைத்திருக்கிறான். நம் ஊரில் நல்ல தமிழ் என்றால் மேடைத் தமிழ் என்று வளர்கிறோம். தெருமுனைக் கூட்டத்தில் கேட்டது, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியது, எல்லாம் அந்த நடைதான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மேடைக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பக்கத்து ஆட்கள். அவர்கள் உற்சாகத்தைக் கூட்டினால் போதும். நிர்வாகக் குழு அப்படி இல்லை, அது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தில் உணர்ச்சி நிறைய இருக்கிறது. அத்தனையும் எழுதியவனின் உணர்ச்சி. அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தன் 'ரெட்டரிக்' நூலின் இரண்டாம் பகுதியில் கோபம், அச்சம், இரக்கம், வெட்கம் என்று ஒவ்வொரு உணர்ச்சியையும் தனித்தனியே எடுத்து ஆராய்கிறார். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: எந்த மனநிலையில் இருப்பவருக்கு அது வருகிறது, யார் மேல் வருகிறது, எதனால் வருகிறது. மூன்றும் கேட்பவரைப் பற்றிய கேள்விகள். எழுதுபவர் எவ்வளவு உருகுகிறார் என்பது அங்கே கணக்கிலேயே இல்லை. நியாயமில்லாமல் தன்னை அலட்சியப்படுத்தினார்கள் என்று தோன்றும்போது கோபம் வருகிறது என்பது அவர் தரும் விளக்கம். இந்தக் கடிதத்தை அந்த விளக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் நடந்தது புரிந்துவிடும். பைக்கைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லாத கடிதம், "நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்கிறது. இரக்கம் கேட்டு எழுதியது கோபத்தைக் கிளப்பியது. எதிர் வீட்டு அம்மா சொன்னது இதுதான்: "அழுவுறாங்க, சரி. வாசல்ல நிக்கிற வண்டிய யாரு எடுப்பா?"

இன்னொரு சிக்கலும் இருந்தது. எழுதிய பையனின் அப்பா எலக்ட்ரீஷியன், நல்ல வேலைக்காரர். குழுத் தலைவர் வீட்டுக்கே ஒயரிங் செய்தவர். "அடுப்பெரியாத வீடு" யாருடையது? ஒரே தெருவில் இருப்பவர்களிடம் இப்படி எழுதினால், அடுத்த வரி உண்மையாகவே இருந்தாலும் நம்பமாட்டார்கள்.

'வடசென்னையின் பிள்ளைகள் நாங்கள்' என்ற வரி எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. சினிமாவில் வடசென்னை என்றாலே கத்தியும் சந்தும்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் படத்தை வைத்துத்தான் வெளியாட்கள் நம்மைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள், அதே படத்தை வைத்துத்தான் பயப்படவும் செய்கிறார்கள். இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பயத்தை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே அந்த வரியைக் கையில் எடுக்கும்போதே நம் மேல் இருக்க வேண்டிய நம்பிக்கையில் கொஞ்சத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது கடிதம்

ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எழுதிக்கொடுத்தார். கண்ணீர் இல்லை, மிரட்டல் இல்லை. தகவல்கள். அர்ஜுனா விருது பெற்ற மரியா இருதயம் சென்னைக்காரர், உலகச் சாம்பியன் இளவழகி வியாசர்பாடிப் பெண், 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். எல்லாம் உண்மை. அதன்பின் கவனம் கூடும், கை கண் ஒத்துழைக்கும் என்று கேரத்தின் நன்மைகள். கடைசியில், "ஆகவே இந்த அறை தொடர்ந்து செயல்பட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அந்த 'ஆகவே'யில்தான் கடிதம் நின்றுவிட்டது. எந்த வாதத்திலும் சொல்லாமல் விட்ட ஒரு படி இருக்கும், அதைப் படிப்பவர் தானே நிரப்பிக்கொள்வார். நன்றாக எழுதிய வாதத்தில் அவர் நிரப்பும்போதே பாதி சம்மதித்துவிடுவார். இங்கே நிரப்ப வேண்டியது என்ன? 'சாம்பியன்கள் இப்படிப்பட்ட அறைகளிலிருந்து வந்தார்கள், இதுவும் அப்படிப்பட்ட அறைதான்' என்பது. தலைவர் அதை நிரப்பவில்லை. "காசிமா இந்த ரூம்லயாப்பா ஆடுச்சு?" என்று கேட்டார். இல்லை. அதற்குமேல் கடிதத்தில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இந்தக் கடிதத்தைக் காரணம் நிறைந்த கடிதம் என்று சொல்லத் தோன்றும். என் கணிப்பு வேறு. அது யாரும் கேட்காத கேள்விக்குப் பதில். கேரம் நல்ல விளையாட்டா என்று குழு கேட்கவில்லை. ராத்திரி பத்தரைக்கு அந்தச் சந்து எப்படி இருக்கும் என்று கேட்டது. தகவல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கேட்ட கேள்வியோடு ஒட்டாவிட்டால் அது காரணமாகாது. அடுத்தவர் வாங்கிய தங்கத்தைக் காட்டி நம் மேல் நம்பிக்கை கேட்பதும் ஒரு தெருவுக்குள் எடுபடாது. காசிமாவைப் பார்த்து எல்லோருக்கும் பெருமைதான், வாசலில் சிகரெட் பிடித்தவன் அந்தப் பெருமையில் பங்கு கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

அரிஸ்டாட்டில் செய்த இன்னொரு பிரிவும் இந்த இடத்தில் கை கொடுக்கிறது. பேச்சில் மூன்று வகை என்கிறார்: நடந்ததைப் பற்றி வழக்காடுவது, இருப்பதைப் புகழ்வது அல்லது பழிப்பது, இனி என்ன செய்யலாம் என்று ஆலோசிப்பது. எதிர் வீட்டு அம்மாவின் புகார் நடந்ததைப் பற்றியது. பையன்களின் இரண்டு கடிதங்களும் புகழ்ச்சி வகை, முதலாவதில் தங்களை, அடுத்ததில் கேரத்தை. குழு எடுக்க வேண்டிய முடிவோ இனி நடக்கப்போவதைப் பற்றியது. மூன்று பக்கமும் மூன்று காலத்தில் பேசிக்கொண்டிருந்தன.

மூன்றாவது எழுதப்பட்ட விதம்

பேனாவை எடுப்பதற்கு முன் பையன்களை எதிர் வீட்டுக்கு அனுப்பினோம். பதில் சொல்லக் கூடாது, கேட்டுக் குறித்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த அம்மா முதலில் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தார். பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. பேரன் பத்தாம் வகுப்பு, ஜன்னலோரம்தான் படிக்கிற மேசை. மருந்து சாப்பிட்டுப் படுக்கும் கணவர். ராத்திரி ஆட்டோ வர முடியாமல் அவரைக் கைத்தாங்கலாக மெயின் ரோடு வரை நடத்திக்கொண்டு போனது. அந்தக் கடைசி விஷயம் பையன்களுக்குத் தெரியவே தெரியாது. ஆட்டோவை மறித்து நின்ற பைக்குகளில் ஒன்றின் சொந்தக்காரன் அன்றைக்கு அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்ததும் அவர்களே முடிவு செய்தார்கள், கடிதம் பிறகு, முதலில் மாற்றம் என்று. ஒன்பது மணிக்கு ஷட்டர். பைக்குகள் மெயின் ரோட்டில் டீக்கடைப் பக்கம். போர்டு வைக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ரப்பர். ஒரு மாதம் இப்படியே நடத்தினார்கள். அதற்குப் பிறகு எழுதிய கடிதத்தின் தொடக்கம்:

"எங்கள் கிளப்பால் தெருவுக்கு ஏற்பட்ட தொந்தரவுகளை எதிர் வீட்டு அம்மாவிடம் நேரில் கேட்டு எழுதிக்கொண்டோம். அவர் சொன்னபடியே கீழே தருகிறோம். இதில் எதையும் நாங்கள் மறுக்கவில்லை."

அதன் கீழே புகார்கள், அந்த அம்மாவின் வார்த்தைகளிலேயே. ஆட்டோ விஷயம் முதலில். பக்கத்திலேயே, கடந்த ஒரு மாதமாக என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பது. "செய்வோம்" என்ற சொல் அந்தப் பகுதியில் எங்கேயும் இல்லை, "செய்திருக்கிறோம்" மட்டும்தான். இனிமேல் பற்றி ஒரே ஒரு வரி: "அறையின் இன்னொரு சாவியை எதிர் வீட்டு அம்மாவிடம் கொடுக்கிறோம். ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் அவர் வந்து பூட்டலாம், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம்."

பேசுபவர் மேல் நம்பிக்கை வர மூன்று குணம் வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு: விவேகம், நல்ல குணம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். அதோடு, அந்த நம்பிக்கை பேச்சின் மூலமாகவே பிறக்க வேண்டும், பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் அபிப்பிராயத்தை நம்பி இருக்கக் கூடாது என்றும் சொல்கிறார். முன் அபிப்பிராயம் சாதகமாக இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இந்தப் பையன்களுக்கு அது மட்டும்தான் வழி. எதிராளியின் புகாரை எதிராளியைவிடத் தெளிவாக எழுத முடிந்தவனுக்கு விவேகம் இருக்கிறது என்று தெரிகிறது. சாவியைக் கொடுப்பவனின் எண்ணம் நல்லதென்று தெரிகிறது. 'நாங்கள் நல்ல பிள்ளைகள்' என்று எங்கேயும் எழுத வேண்டியிருக்கவில்லை.

பெட்டு

வரைவில் பெரிய சண்டை இதில்தான். பெட்டு விஷயத்தை எழுதலாமா, வேண்டாமா? அந்த அம்மா தன் புகாரில் அதைச் சொல்லவில்லை. பாதிப் பேர், "அவங்களே கேக்கல, நாம ஏன் சொல்லணும்?" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெட்டு என்று காகிதத்தில் வந்துவிட்டால் நாளைக்கு யார் கையில் போகும் என்ற பயமும் இருந்தது. அதைச் சாதாரண பயம் என்று நான் தள்ள மாட்டேன். எங்கள் பகுதிப் பையன்களுக்குக் காகிதத்தைப் பார்த்துப் பயப்படக் காரணம் உண்டு.

எழுத வேண்டும் என்று சொன்னவன், முதல் கடிதம் எழுதிய அதே பி.காம். பையன். அவன் வாதம் நேரானது: குழுவில் மூன்று பேருக்கும் அது தெரியும். தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதினால், "எதையும் மறுக்கவில்லை" என்ற வரி பொய்யாகத் தெரியும். அந்த வரி விழுந்தால் மொத்தக் கடிதமும் விழும். நெடுநேரம் பேசியபின் ஒரு வரி சேர்ந்தது: "சில ஆட்டங்கள் பணம் வைத்து நடந்தன. அதை நிறுத்திவிட்டோம். மீறுபவருக்குக் கிளப்பில் இடமில்லை." பெயர் இல்லை, தொகை இல்லை. தேவையான அளவு உண்மை, ஒருவரையும் மாட்டிவிடாமல்.

தலைவர் அந்த வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாராம். அதற்கு முன் வந்த எல்லா வரிகளையும் அவர் நம்ப ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அம்மாக்களின் வரி

மனதைத் தொடும் வரி கடிதத்தில் ஒன்றே ஒன்று. அதைப் பையன்கள் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் சில அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துக்கு மேலே அவர்கள் சொல்லி எழுதியது: "சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும்."

போதை மாத்திரை, கஞ்சா என்ற சொற்கள் அதில் இல்லை. தேவையும் இல்லை. இந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கும் யாரும் அந்த வரியைப் படித்ததும் மிச்சத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். எதிர் வீட்டு அம்மாவுக்கும் ஒரு பேரன் இருக்கிறான். இரண்டாவது கடிதத்தில் நிரம்பாமல் நின்ற இடைவெளி இங்கே படிப்பவரின் சொந்தக் கவலையால் நிரம்பியது. முதல் கடிதம் எங்கள் கண்ணீரைப் பாருங்கள் என்றது. இந்த வரி அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் பயத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

இது ஒருவர் பயத்தைப் பயன்படுத்துவது ஆகாதா? வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டாள், கேட்க வேண்டிய கேள்விதான். நான் வைத்துக்கொள்ளும் சோதனை இது: அந்த வரியை ஏன் அங்கே வைத்தோம் என்று படிப்பவரிடமே சொன்ன பிறகும் அது வேலை செய்யுமா? செய்யும். வரி உண்மை, சொன்னவர்கள் உண்மையான அம்மாக்கள், அவர்கள் கவலையும் உண்மை. "மூடினால் பையன்கள் போதைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எங்களைக் கேட்காதீர்கள்" என்று ஒருவன் எழுதச் சொன்னான். அதை எடுத்துவிட்டோம். அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது, தொனியும் மிரட்டல்.

முடிவு

ஆறு மாதத்துக்கு அனுமதி. ஒன்பது மணி, பைக், சாவி மூன்றும் நிபந்தனை. அதற்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார்கள். மின் கட்டணம் இனிமேல் கிளப்பின் தலையில்.

கடிதம்தான் இதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். சந்து ஒரு மாதம் அமைதியாக இருந்ததை ஜன்னல் வழியே அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடிதம் வராமல் இருந்திருந்தாலும் அவர் கொஞ்சம் இளகியிருக்கலாம். ஆனால் குழு கூடி முடிவெடுக்க ஒரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதத்தில் ஒவ்வொருவரும் தன் கேள்விக்கான பதிலைப் பார்க்க வேண்டும். இருவர் பார்த்தார்கள். சாவி வேண்டாம், விளக்கை அணைத்தால் போதும் என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இரும்புக் கடைக்காரர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவர் கவலை சத்தமும் இல்லை, பைக்கும் இல்லை. அந்த அறையைக் குடோனுக்கு விட்டால் வாடகை கூடுதலாக வரும், கட்டடத்துக்குக் கூரை வேலை பாக்கி இருக்கிறது, பணம் எங்கிருந்து வரும் என்பது. மூன்று கடிதத்திலும் அவருக்கென்று ஒரு வரி கிடையாது. அவர் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. ஆறு மாதம் முடிவதற்குள் பையன்கள் அவரைக் கடையில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறார்கள். மாதச் சந்தா எவ்வளவு வைத்தால் எத்தனை பேர் கட்டுவார்கள், பகலில் அந்த அறையை வேறு எதற்காவது வாடகைக்கு விட முடியுமா, கூரை வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நான்காவது கடிதம் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கும்.